65 கிலோஹெர்ட்ஸ் ஏன்?

மடிக்கணினி சார்ஜர் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் எண்ணைப் படித்து, அதன் தரவுத்தாளைத் தேடினால் பல நேரம் ஒரே எண் கண்ணில் படும்: 65 கிலோஹெர்ட்ஸ். தயாரித்தவர் யாராக இருந்தாலும் இந்த 65 திரும்பத் திரும்ப வருகிறது. சில சில்லு வரிசைகளில் 65, 100, 133 என்று மூன்று வகை கிடைக்கும். 80 ஏன் இல்லை? 200 ஏன் இல்லை? அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறுக்கும் என்று பாலிடெக்னிக்கில் சொல்லித்தந்தது உண்மையென்றால், ஒரேயடியாக 1,000 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவாமல் இவர்களைப் பிடித்து நிறுத்துவது எது?

சொல்லித்தந்ததில் பொய் இல்லை. ஒரு சுருளின் மீது மின்னழுத்தம் இருக்கும் வரை அதன் கோரில் காந்தப் பாயம் ஏறிக்கொண்டே போகும். அழுத்தத்தின் திசை மாறினால் இறங்கும். அரைச்சுழற்சி நீளமானால் பாயம் ஏற நேரம் அதிகம். அதைத் தாங்க ஒன்று கோர் தடிமனாக இருக்க வேண்டும், அல்லது சுற்றுகள் அதிகம் வேண்டும். சதுர அலைக்குக் கணக்கு எளிது: அழுத்தத்தை, அதிர்வெண், பாய அடர்த்தி, கோரின் குறுக்குப் பரப்பு மூன்றின் பெருக்கத்தைப் போல் நான்கு மடங்கால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

இ.டி.டி 39 என்ற கோரை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுக்காலின் பரப்பு 125 சதுர மில்லிமீட்டர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் சுமார் 325 வோல்ட் கிடைக்கும். ஹாஃப் பிரிட்ஜ் சுற்றில் அதில் பாதி, 160 வோல்ட், முதன்மைச் சுருளின் மீது மாறி மாறி விழும். 100 கிலோஹெர்ட்ஸில், 100 மில்லிடெஸ்லா பாய அடர்த்திக்கு 32 சுற்றுகள் போதும். இதே பரப்புள்ள இரும்புக் கோரை 50 ஹெர்ட்ஸில் வைத்து, இரும்புக்கே உரிய 1.2 டெஸ்லா வரை தாராளமாக ஏற்றினாலும் 5,300 சுற்றுகளுக்கு மேல் தேவை. அவ்வளவு கம்பி, அதைச் சுற்றும் பாபினில் நுழையாது. பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர் அடாப்டர்கள் செங்கல் போல் கனத்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். விமானங்களில் 50, 60 ஹெர்ட்ஸை விட்டுவிட்டு 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் இரும்பை 100 கிலோஹெர்ட்ஸில் வைக்க முடியாது. இரும்பு மின்கடத்தி. மாறும் காந்தப்புலம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிக் கோரையே அடுப்பாக்கிவிடும். தகடு தகடாக வெட்டி அடுக்கினாலும் அது சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். இதற்கு விடையாக வந்தது ஃபெரைட். 1930-ல் டோக்கியோவில் யோகோரோ கட்டோவும் தகேஷி தகெய்யும் இரும்பு ஆக்சைடுடன் பிற உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டு உருவாக்கிய பீங்கான் வகைக் காந்தப்பொருள் அது. அதைத் தயாரித்து விற்கவே 1935-ல் டி.டி.கே நிறுவனம் தொடங்கப்பட்டது. நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஸ்நூக் என்பவர் 1940-களில் மாங்கனீசு-துத்தநாக வகையைச் செம்மைப்படுத்தினார். இன்று நம் சார்ஜர்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதன் மின்தடை எண் சிலிக்கான் எஃகைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு அதிகம். சுழல் மின்னோட்டத்துக்கு வழியே கிடையாது என்று சொல்லிவிடலாம். (மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது அப்படிச் சொல்ல முடியாது.)

இதற்குக் கொடுத்த விலை தெவிட்டல். சிலிக்கான் எஃகு 1.5 டெஸ்லாவைத் தாண்டியும் காந்தத்தை ஏற்கும். ஃபெரைட் அறை வெப்பநிலையில் அரை டெஸ்லாவுக்குள் நிறைந்துவிடும். 100 டிகிரிக்குச் சூடானால் 0.4 டெஸ்லாவே பெரிது. நிறைந்த கோர் டிரான்ஸ்ஃபார்மராக வேலை செய்யாது. சுருள் வெறும் கம்பியாகிவிடும், மின்னோட்டம் எகிறும், அதைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஒரு நொடிக்குள் வெடிக்கும். அதனால் வடிவமைப்பைத் தொடங்குகிற எவருக்கும் முதல் பயம் தெவிட்டல்தான். என் பார்வையில் அந்தப் பயம் பாதி இடத்தில்தான் பொருந்தும். ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போனால், தெவிட்டல் எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே வெப்பம் குறுக்கே வந்து நின்றுவிடும்.

காந்தப் பொருளை ஒரு திசையில் காந்தமாக்கி, பிறகு எதிர்த்திசையில் திருப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. இந்த இழப்புக்கு முதன்முதலில் சூத்திரம் கண்டவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ், 1892-ல். பாய அடர்த்தியின் 1.6-ஆம் அடுக்குக்கு ஏற்ப இழப்பு கூடும் என்றார் அவர். அது அக்காலத்து இரும்புக்கு. இன்றைய ஃபெரைட்டுக்குச் சூத்திரத்தின் வடிவம் அதேதான், அடுக்கெண்கள் வேறு: பாய அடர்த்திக்கு 2.5 அளவில், அதிர்வெண்ணுக்கு 1.3 முதல் 1.5 வரை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அதிர்வெண் தேர்வின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

அதை உண்மையான எண்களில் பார்ப்போம். டி.டி.கே விற்கும் என்87 ஃபெரைட், மின்மாற்றுக் கருவிகளில் பரவலாகப் பயன்படுவது. 100 டிகிரி வெப்பநிலையில் அதன் தரவுத்தாள் தரும் இழப்புகள் இவை: 25 கிலோஹெர்ட்ஸ், 200 மில்லிடெஸ்லாவில் ஒரு கனசெண்டிமீட்டருக்கு 57 மில்லிவாட். 100 கிலோஹெர்ட்ஸ், அதே 200 மில்லிடெஸ்லாவில் 375 மில்லிவாட். அதிர்வெண் நான்கு மடங்கு ஏறினால் வெப்பம் ஆறரை மடங்கு ஏறுகிறது. 300 கிலோஹெர்ட்ஸில் பாய அடர்த்தியை 100 மில்லிடெஸ்லாவுக்குப் பாதியாக்கினால் 390 மில்லிவாட். 500 கிலோஹெர்ட்ஸில் 50 மில்லிடெஸ்லாவுக்கு இறங்கினால் 215.

ஒரே அளவு கோர், ஒரே அளவு கம்பி வழியே எவ்வளவு திறனை அனுப்ப முடியும் என்பதை அதிர்வெண்ணும் பாய அடர்த்தியும் பெருகி வரும் தொகை தீர்மானிக்கிறது. மேலே உள்ள எண்களில் அதைப் போட்டுப் பாருங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் 100 × 200, அதாவது 20,000. ஏறக்குறைய அதே வெப்பத்துக்கு 300 கிலோஹெர்ட்ஸில் 300 × 100, அதாவது 30,000. அதிர்வெண்ணை மும்மடங்காக்கியதற்குக் கிடைத்த லாபம் ஒன்றரை மடங்குதான். 500 கிலோஹெர்ட்ஸில் கோர் அதே 375 மில்லிவாட் வரை சூடாகலாம் என்று விட்டால், பாய அடர்த்தியை 62 மில்லிடெஸ்லா வரை ஏற்றலாம் என்று கணக்கு வருகிறது. பெருக்குத் தொகை 31,000. 300-லிருந்து 500 வரை ஏறியதில் கிடைத்தது ஒன்றுமில்லை. அதற்கும் மேலே போனால் என்87-ல் இந்தத் தொகை கீழே இறங்கத் தொடங்கும். வேறு கலவை ஃபெரைட்டுகள் இந்த உச்சத்தை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் அப்பால் நகர்த்தும். அதற்கும் மேலே நிக்கல்-துத்தநாக வகை வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சம் உண்டு. ஃபெரைட் விற்கும் நிறுவனங்களே இந்தத் தொகையை வரைபடமாகப் போட்டுத் தருகின்றன. கோர் வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் வரைபடம் அது என்பேன். பெரும்பாலோர் பார்ப்பது காந்த உட்புகுதிறனை, அது இந்த வேலைக்கு அவ்வளவு முக்கியமில்லாத எண்.

இதே கணக்கு நம் இ.டி.டி 39-ல் எப்படி வருகிறது? அந்தக் கோரின் கொள்ளளவு 11.5 கனசெண்டிமீட்டர். 100 கிலோஹெர்ட்ஸில் 200 மில்லிடெஸ்லா என்று துணிந்தால் 16 சுற்றுகளே போதும், ஆனால் கோர் மட்டும் 4.3 வாட் வெப்பத்தைக் கக்கும். விசிறி இல்லாத பெட்டிக்குள், கம்பியின் வெப்பத்தைச் சேர்க்காமலேயே, சுற்றுப்புறத்தைவிட எழுபது டிகிரி வரை ஏறிவிடும். சென்னையின் மே மாதத்தில் அந்தச் சுற்றுப்புறம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. 100 மில்லிடெஸ்லாவுக்கு இறக்கினால் கோரின் இழப்பு ஆறில் ஒரு பங்காகி, முக்கால் வாட்டுக்கு வந்துவிடும். ஆனால் சுற்றுகள் 32 ஆகும். கோரில் கம்பிக்கென உள்ள அதே இடைவெளியில் இரு மடங்கு சுற்றுகளை அடைக்கக் கம்பியைப் பாதிப் பரப்புக்கு மெலிதாக்க வேண்டும். நீளமோ இரு மடங்கு. ஆக மின்தடை நான்கு மடங்கு. கோரில் மிச்சம் பிடித்தது கம்பியில் செலவாகிறது. இரண்டு இழப்புகளும் ஏறத்தாழச் சமமாகும் இடத்தில் மொத்த வெப்பம் குறைவாக இருக்கும். இங்கே அது இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கேயோ அமையும்.

ஃபெரைட்டுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்திருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது அதன் இழப்பு குறைவு. பெரும்பாலான மின்திறன் ஃபெரைட்டுகள் 80 முதல் 100 டிகிரிக்குள் மிகக் குறைந்த இழப்பு வரும்படி வேண்டுமென்றே கலக்கப்படுகின்றன. அந்தப் பள்ளத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழ்: சூடு ஏற ஏற இழப்பு ஏறும், இழப்பு ஏற ஏறச் சூடு ஏறும். அது ஓடத் தொடங்கினால் நிற்காது.

இனி கம்பி. உயர் அதிர்வெண் மின்னோட்டம் செம்பின் முழுக் குறுக்குவெட்டிலும் பாயாது, மேற்பரப்பை ஒட்டியே பாயும். 50 ஹெர்ட்ஸில் அது 9 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகும். அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. 100 கிலோஹெர்ட்ஸில் 0.21 மில்லிமீட்டர். ஒரு மெகாஹெர்ட்ஸில் 0.066, தலைமுடியின் தடிமன் அளவு. இதைப் படித்தவுடன் எல்லோரும் எடுக்கும் முடிவு ஒன்று: அந்த ஆழத்துக்குச் சமமான தடிமனில் கம்பியோ தகடோ போட்டால் பிரச்சினை தீர்ந்தது. தீராது. ஓர் அடுக்கின் காந்தப்புலம் அடுத்த அடுக்கில் தேவையற்ற மின்னோட்டத்தை எழுப்பும். அடுக்குகள் கூடக் கூட அது சேர்ந்துகொண்டே போகும். 1966-ல் டவல் என்பவர் வெளியிட்ட கட்டுரையில் இதற்குச் சமன்பாடு இருக்கிறது. தடிமன் சரியாக அந்த ஊடுருவல் ஆழத்துக்குச் சமம், நான்கு அடுக்குகள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கம்பியின் மின்தடை 2.7 மடங்காகிறது. பத்து அடுக்குகள் என்றால் ஏறத்தாழ 12 மடங்கு! ஓம்மீட்டரில் அளந்தால் எதுவும் தெரியாது. சார்ஜரை ஓட்டினால் கை வைக்க முடியாது.

அதனால்தான் மயிரிழைபோல் மெல்லிய, தனித்தனியாக எனாமல் பூசிய பல கம்பிகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி. அதனால்தான் முதன்மைச் சுருளில் பாதி, அதன்மேல் இரண்டாம் சுருள், மீண்டும் முதன்மையில் மீதி என்று மாற்றி மாற்றிச் சுற்றுவது. இரண்டும் உதவும். ஆனால் லிட்ஸில் எனாமலும் காற்றிடைவெளியும் இடத்தைத் தின்னும், மாற்றிச் சுற்றினால் சுருள்களுக்கு நடுவே மின்தேக்கம் கூடும். ஒரு தொல்லையைக் குறைத்தால் இன்னொன்று தலைதூக்கும்.

ஃபெரைட்டும் செம்பும் 300 கிலோஹெர்ட்ஸ் வரைகூடப் பிழைத்துவிடும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் பல சார்ஜர்கள் 65-லேயே நின்றுவிட்டன. அதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுமே டிரான்ஸ்ஃபார்மருக்கு வெளியே இருப்பவை.

முதலாவது மாஸ்ஃபெட். அது திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு நொடியின் பத்துக் கோடியில் சில பங்கு நேரம் அழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக அதன் மீது இருக்கும். 325 வோல்ட், 2 ஆம்பியர், திறப்பும் மூடலும் சேர்த்து 50 நானோநொடி என்றால், ஒரு சுழற்சிக்கு 16 மைக்ரோஜூல் போகிறது. 65 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வாட். ஒரு மெகாஹெர்ட்ஸில் 16 வாட். இதற்கு மேல், மாஸ்ஃபெட்டின் முனைகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் ஒவ்வொரு முறையும் நிரம்பி, உள்ளேயே எரிந்து தீரும். 100 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 325 வோல்ட்டில் 5.3 மைக்ரோஜூல். 65 வாட் சார்ஜர் 90 சதவீதத் திறனுடன் இயங்க வேண்டுமானால் மொத்தமாக வீணாக்கக் கிடைப்பதே 7 வாட் சொச்சம்தான். அந்தக் காசில் ஒரு மெகாஹெர்ட்ஸ் வாங்க முடியாது. கேலியம் நைட்ரைடு (‘கேன்’) டிரான்சிஸ்டர்கள் இந்த இரண்டு இழப்புகளையும் நன்றாகவே குறைத்திருக்கின்றன. அழுத்தம் சுழியாகும் நேரம் பார்த்துத் திறக்கும் ஒத்ததிர்வுச் சுற்றுகளும் பெரும்பகுதியைத் துடைத்துவிடுகின்றன. அப்படியும் கடையில் கிடைக்கும் ‘கேன்’ சார்ஜர்களில் பெரும்பாலானவை சில நூறு கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்கின்றன. விளம்பரத்தைப் பார்த்து மெகாஹெர்ட்ஸ் புரட்சி என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் சட்டம். மின்கருவிகள் மின்கம்பியில் திருப்பி விடும் இரைச்சலுக்கு சி.ஐ.எஸ்.பி.ஆர் என்ற சர்வதேச விதிகள் வரம்பு வைக்கின்றன. கணினி வகைக் கருவிகளுக்கு அந்த அளவீடு தொடங்குவது 150 கிலோஹெர்ட்ஸில். அதற்குக் கீழே உள்ள இரைச்சலை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. இப்போது 65-ஐப் பாருங்கள். இரைச்சல் அடிப்படை அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் எழும். அடிப்படை 65, அதன் இருமடி 130, இரண்டும் 150-க்குக் கீழே. மும்மடியான 195-லிருந்துதான் மடிகள் அளக்கப்படும் எல்லைக்குள் வருகின்றன, அதற்குள் அவற்றின் வலிமை வெகுவாகக் குறைந்திருக்கும். 80 என்று வைத்தால் இருமடியே 160-ல் மாட்டிக்கொள்ளும். 133 வகையில் இருமடி மாட்டும், அடிப்படை தப்பிக்கும். 160 அல்லது 200 என்றால் எல்லாவற்றிலும் வலிமையான அடிப்படை அலையே சோதனைக்கு முன் நிற்கும். அதை அடக்க உள்வாயில் வடிகட்டியைப் பெரிதாக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் சேமித்த இடத்தை வடிகட்டி எடுத்துக்கொள்ளும். ஆக 65 என்ற எண்ணில் ஃபெரைட்டின் இயற்பியலைவிட ஒரு விதியின் தொடக்கக் கோடு அதிகம் பேசுகிறது. ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல், அதைச் சில சதவீதம் முன்னும் பின்னும் ஆட்டிவிடும் சில்லுகள் வந்ததும் இந்தச் சோதனையில் தேறுவதற்காகத்தான்.

விதி எதற்கு என்று கேட்பவர்கள் மலிவான சார்ஜர் ஒன்றின் பக்கத்தில் மத்திய அலை வானொலியை வைத்துப் பார்க்கலாம். 65-ன் பதினோராவது மடி 715 கிலோஹெர்ட்ஸ். ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை ‘ஏ’ ஒலிபரப்பு 720-ல்.

அதிர்வெண்ணின் கீழ் எல்லையை வைத்தது காது. 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் கோரும் கம்பியும் நடுங்குவது விசிலாகக் கேட்கும். பழைய படக்குழாய் தொலைக்காட்சிகளில், சின்னப் பிள்ளைகளுக்குத் தெளிவாகவும் தாத்தா பாட்டிகளுக்குக் கேட்காமலும் ஒலித்த கூரான சத்தம் இதுதான். டி.வி. மெக்கானிக்குகள் ஈ.எச்.டி என்று சொன்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் 15,625 ஹெர்ட்ஸில் ஓடியது. அந்த எண்ணைக் கோர் தேர்ந்தெடுக்கவில்லை: 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள் என்ற ஒளிபரப்பு முறை தேர்ந்தெடுத்தது. குழல்விளக்கின் எலக்ட்ரானிக் சோக்குகளுக்கோ வேறொரு முள்வேலி. ரிமோட்டுகள் அகச்சிவப்பு ஒளியை 36, 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கவிடுவதால், விளக்கு அதே வேகத்தில் துடித்தால் டி.வி. ரிமோட் தடுமாறும். அதனால் வடிவமைப்பாளர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போனார்கள்.

பேசப்படாத இன்னொரு சுவர் காப்பு. 230 வோல்ட் பக்கத்துக்கும் கையில் படும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் பல அடுக்கு நாடாவும் வேண்டும் என்பது உயிர்ப் பாதுகாப்பு விதி. கோர் பாதியாகச் சுருங்கினாலும் அந்த மில்லிமீட்டர்கள் சுருங்காது. ஓர் அளவுக்குக் கீழே பாபினில் செம்பைவிடக் காப்புக்கே அதிக இடம் போய்விடும். மூன்றடுக்குக் காப்புள்ள கம்பி கொஞ்சம் உதவும். அதன் விலையும் அதற்கேற்ப.

சொந்தமாக ஒரு மாற்றி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. முதல் முயற்சிக்கு 65 அல்லது 100 கிலோஹெர்ட்ஸ் போதும். மெகாஹெர்ட்ஸ் ஆசையை ஒதுக்கி வையுங்கள். பாய அடர்த்தியைத் தெவிட்டல் எண்ணிலிருந்து எடுக்காதீர்கள், இழப்பு அட்டவணையிலிருந்து எடுங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் 100 மில்லிடெஸ்லா நல்ல தொடக்கம். பெயர் தெரியாத கோரை என்87 என்று நம்பி வாங்காதீர்கள். 325 வோல்ட் நிரம்பிய மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பின்னும் கொல்லக்கூடியது என்பதை மறக்காதீர்கள். செய்து முடித்ததும் மூடிய பெட்டிக்குள் முழுச் சுமையில் ஓடவிட்டு, வெப்பநிலை ஏறி நிலைக்கும் வரை காத்திருந்து, கோரையும் சுருளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். சுருளைவிடக் கோர் சூடாக இருந்தால் சுற்றுகளைக் கூட்டுங்கள். கோரைவிடச் சுருள் சூடாக இருந்தால் சுற்றுகளைக் குறையுங்கள், அல்லது அடுக்குகளை மாற்றிச் சுற்றுங்கள். இரண்டும் சமமாகச் சுட்டு, இரண்டுமே 100 டிகிரியைத் தாண்டினால், அப்போது அதிர்வெண்ணை மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் ஓர் அளவு பெரிய கோர் வாங்குங்கள்.